பிளாஸ்டிக் குழாயில் கட்டிய எர்த்

புக்கிட் பெருவாங்கில் உள்ள எங்கள் வீட்டின் கூரையில் சோலார் தகடு ஏறி ஒரு வாரம் ஆகிறது. அதன் எர்த் கம்பியை அப்பாவே தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார். முன்பு இருந்த தோட்டத்து வீட்டில், இரும்புக் குழாயில், அப்படித்தானாம்.

இன்று சோதிக்க வந்த வயர்மேன் முனியாண்டி அண்ணன் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது பிளாஸ்டிக்கு! இதுக்குச் சாமி படத்துல கட்டியிருக்கலாம்லா!"

"லைட்டு எரியுதேப்பா," என்றார் அப்பா.

"எரியும். கரண்டு கசிஞ்சா, தகட்டைத் தொடுற ஆளு என்ன ஆகுறது?"

கூரையேறி அதைத் துடைப்பவள் நான். அப்பா என்னைப் பார்த்தார்.

அண்ணன் சமையலறைத் தண்ணீர் ஓடும் ஈர மண்ணில் செம்புக் கம்பியை அடித்தார். மீட்டரில் பார்த்துத் திருப்தியில்லாமல் இன்னொன்றும் அடித்து, எர்த் கம்பியை அவற்றோடு இணைத்தார். தூறலிலும் நிறுத்தவில்லை. அவருக்கு வைத்த தேநீர் ஆறிப்போனது.

அந்த மண் காயாமல் இருந்தால்தான் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்பதால், பாத்திரம் கழுவிய தண்ணீரை அம்மா இனி அங்கேதான் ஊற்றுவாராம்.

உங்கள் வீட்டு எர்த் கம்பி எதில் கட்டியிருக்கிறது? போய்த் தட்டிப் பார்த்துவிட்டு மறுமடல் போடுங்கள்.