ஆட்டுக்கறியும் என் பிரஷரும்

தீபாவளி ஓப்பன் ஹவுஸ்னா வாசல் தொறந்திருக்கணும், வந்தவங்கள போன்னு சொல்லக்கூடாது. எங்க மலேசியா பக்கத்து வழக்கம். அத வச்சுத்தான் நான் பழி தீர்த்தேன்.

ஸ்கூடாய் ஊர்ப் பக்கம் ஒரு பேக்டரியில எனக்கு வேலை. ஒழுகுற கூரைய அடைக்க, சூப்பர்வைசர் என்னை சேஃப்டி பெல்ட் இல்லாம ஏறச் சொன்னாரு. "அஞ்சு நிமிஷ வேலைடா, ஏறு லா!" விழுந்தேன். தண்டுவடம் போச்சு, நெஞ்சுக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது. "வேணாம்னு சொல்லியும் ஏறினான்"னு ரிப்போர்ட் எழுதினாரு. பாவி மனுஷன்.

கால் மட்டும் போச்சுன்னு ஜனங்க நெனைக்குது. பிரஷரும் போச்சு. நிமிர்ந்து உக்காந்தா ரத்தமெல்லாம் கீழ எறங்கி கண்ணு இருட்டும். வயிறு நெறைய சாப்பிட்டா இன்னும் மோசம்.

போன வருஷம் அந்த சூப்பர்வைசர் வீட்டு ஓப்பன் ஹவுஸுக்குப் போனேன், ஏன் பொய் எழுதினீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேக்கணும்னு. தங்கச்சிதான் வீல்சேர தள்ளிட்டு வந்தா. ரெண்டு இட்லி, கொஞ்சம் ஆட்டுக்கறி. வாயத் தொறக்குறதுக்குள்ள சரிஞ்சுட்டேன். "பாவம், தலையிலயும் அடி. எதையாவது ஒளறுவான்"னு பேக்டரியோட சீன மேனேஜர்கிட்ட மலாய்ல அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு. எந்திரிக்க முடிஞ்சிருந்தா கழுத்த நெரிச்சிருப்பேன்.

அப்புறம்தான் ஆபரேஷன். முதுகுல கம்பி, வயித்துத் தோலுக்கு அடியில சின்னப் பெட்டி. அது கரண்ட் விட்டு நரம்ப உசுப்பும், ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் நிக்கும். டாக்டரம்மா பல மாசம் அளவ மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"எதுக்கு இவ்ளோ அவசரம்? வேலைக்குப் போறீங்களா?"

"ஒரு வீட்டுல சாப்பிடணும் டாக்டர்."

அவங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

இந்த வருஷம் அவர் வீட்டுக் கதவுகிட்டயே வீல்சேர நிறுத்தச் சொன்னேன். வயித்துப் பெட்டியோட ரிமோட் மடியில. தங்கச்சி அப்பப்ப பிரஷர் பாத்துக்கிட்டா. பேக்டரி ஆளுங்க வந்து நலம் விசாரிக்க, ஒவ்வொருத்தர்கிட்டயும், "பெல்ட் குடுக்காம ஏத்திவிட்டாரு. அதோ, முறுக்குத் தட்டு நீட்டுறாரே, அவருதான்"னேன்.

"ஐயோ அலமாக், நல்ல நாள் அதுவுமா ஏன்டா இதெல்லாம்?"னு மழுப்பினாரு. நல்ல நாளாச்சே, வெளிய தள்ள முடியுமா?

மேனேஜர் வந்ததும் சூப்பர்வைசர்கிட்ட தட்ட நீட்டினேன். "ஆட்டுக்கறி போடுங்கண்ணே." போட்டாரு. ஒரு துண்டு விடாம தின்னேன். கண்ணு இருட்டல. ரிமோட்ட ஒரு தடவ அமுக்கிட்டு நிமிர்ந்து பாத்தேன்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? நீங்களே சொல்லுங்கண்ணே. நான்தான் ஒளறுவேனே."

எல்லா கண்ணும் அவர் மேல. "நான்தான் ஏறச் சொன்னேன்"னு முனகினாரு.

"மேனேஜருக்குத் தமிழ் தெரியாதுண்ணே. மலாய்ல சொல்லுங்க."

சொன்னாரு. மேனேஜர் கையில இருந்த தட்ட கீழ வச்சாரு.

"மன்னிச்சிருடா தம்பி"ன்னு சூப்பர்வைசர் என் பக்கம் குனிஞ்சாரு.

"மாட்டேன்"னேன். தட்ட மறுபடி நீட்டினேன். "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."