கடைசிக் காட்சியில் இன்னொரு ஆள்

என் முதல் படத்தின் நீளம் ஐம்பத்திரண்டு நிமிடம். எடுத்து முடிக்க ஆறு வருடம் ஆயிற்று. வகுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு நாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இந்த வேகத்தில் யாராவது ஓட்டினால் இறங்கி நடந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. கதாநாயகி என் அக்கா, வங்கியில் வேலை. ஒலிப்பதிவு என் மனைவியின் தங்கை. மருத்துவமனையில் காது பரிசோதிப்பவள், ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்லிவிடுவாள். கேமரா என் பள்ளித் தோழன். அவனுக்கு முக்காலி என்று பெயர் வைத்திருந்தோம், ஒருநாளும் அதை மறக்காமல் கொண்டுவந்ததில்லை என்பதால். யாருக்கும் சம்பளம் கிடையாது, எனவே யாரையும் நீக்கவும் முடியாது. என்னையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு திரைப்பட விழாவுக்குப் படத்தை அனுப்ப வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. அன்று காலை வாடகை ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்தோம். ஒலியைச் சரிசெய்கிறவர் எங்களுக்குப் புதியவர். கடைசிக் காட்சியை ஓடவிட்டார். வீட்டைக் காலிசெய்யும் பெண் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நான்கு வரி பேசுவாள். அந்த நான்கு வரியை எழுத எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

அவர் நிறுத்தினார். "சார், இந்த ரூம்ல இன்னொரு ஆள் இருக்காரே, யாரு?"

"யாரும் இல்லையே. அவங்க தனியா இருக்காங்க. படமே அதான்."

சத்தத்தைக் கூட்டினார். அக்காவின் நடுங்கும் குரலுக்கு அடியில் ஓர் ஆண் முணுமுணுத்தான்: "மெதுவா... மெதுவா... ம், இப்போ திரும்பு. பாத்து, பாத்து. அவ்ளோதான், நிறுத்து."

என் குரல்! பதினெட்டு வருடம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் பழகிய வாய்.

மச்சினியைப் பார்த்தேன். "ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ஆறு வருஷமா என்னம்மா கேட்ட?"

"நீங்க பேசறது எனக்குக் கேக்கறதே இல்ல மாமா. வீட்டுல ஃபேன் ஓடற மாதிரி. நிறுத்தினாத்தான் தெரியும்."

"அவன் எப்போ நிறுத்தினான்?" என்றான் முக்காலி.

மற்ற காட்சிகளிலிருந்து என்னை மதியத்துக்குள் வழித்தெடுத்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் வசனத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தேன். என்னை எடுத்தால் அக்காவின் குரலும் கூடவே வந்தது. மறுபடி படமெடுக்க அந்த வீடும் இல்லை, இடித்துவிட்டார்கள்.

அக்காவை வங்கியிலிருந்து வரவழைத்தோம். மூன்று மணிக்கு மைக் முன்னால் நின்று நான்கு வரியையும் பேசினாள். டோக்கன் நம்பர் கூப்பிடுவதுபோல் இருந்தது. நான்கு முறை பேசவைத்தும் அதே கதை.

"நீ சொல்லாம எனக்கு வரலடா. பக்கத்துல வந்து நில்லு."

நின்றேன். அருமையாக வந்தது. கேட்டுப் பார்த்தால் நானும் வந்திருந்தேன்.

"வாய மூடிக்கிட்டு நிக்கத் தெரியாதா உனக்கு?"

"மூடிக்கிட்டுத்தான்க்கா இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மணி நாலேகால். "சத்தமே இல்லாம ஒரு தடவ ஓட்டுங்க," என்றாள் அக்கா. ஓட்டினார். சாவி. மேசை. ஜன்னல் பக்கம் திரும்பிய முதுகு, அதில் லேசாக ஏறி இறங்கும் தோள்.

"இதுக்கு எதுக்குடா வசனம்?"

"எட்டு மாசம்க்கா..."

"அது உன் கஷ்டம். பாக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

துணைக்கு முக்காலியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். மச்சினி கடிகாரத்தைக் காட்டினாள். எடுத்துவிடச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் அந்த இடத்தில் காலி அறையின் அமைதியையும் வெளியே போகும் ஒரு வண்டிச் சத்தத்தையும் வைத்தார். என் வசனம் இல்லாமல் காட்சி படுத்துவிடும் என்று பயந்தேன். அது நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுதான் கொஞ்சம் வலித்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. தேர்வும் ஆகிவிட்டது. வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நூலக அரங்கில் திரையிடுகிறார்கள். முடிந்ததும் இயக்குநர் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். அதற்கு அக்காவின் பெயரைக் கொடுத்திருக்கிறோம்.