ஒரு தடவை சொன்னால் போதும்

ஜஸ்டினுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல் நிற்கும். தென்காசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கல்யாணப் பத்திரிகையோ கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸோ, எது வந்தாலும் சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளுவார். எழுத்துப்பிழையைக்கூட மன்னித்துவிடுவார், சொன்னதையே சொல்கிற ஆளை மட்டும் மன்னிக்க மாட்டார்.

அதிலும் அவரிடம் தராதரம் உண்டு. "நடு சென்டர்", "கேட்டு வாசல்" என்பதெல்லாம் ஒரே பொருளை இரண்டு பாஷையில் சொல்வது. அறியாமை, போய்த் தொலையட்டும். "கண்ணால பார்த்தேன்" என்பது சோம்பேறித்தனம். வேறு எதால் பார்ப்பானாம்? மூன்றாவது வகைதான் கொடுமை: சொல்லி முடித்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வது. அந்த வகைக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. மனைவி சுகிர்தம் குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து மத்தியானமானால் போன் போடுவாள்.

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

"சாப்பாடு சாப்ட்டாச்சான்னு கேட்டேன்."

"ஒரு தடவை சொன்னா போதும்ட்டி!" என்று போனை வைத்துவிடுவார்.

சாரல் சீசனில் ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலத்து அருவிக்கரையில் மைக் அறை வேலையும் அவருக்கு உண்டு. கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிட வேண்டும். முன்னால் இருந்த பாண்டியராஜ் ஒரு ஆளை நாலு தடவை கூப்பிடுவார். "காணவில்லை, தேடுகிறார்கள், தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று இழுப்பார். கேட்கக் கேட்க ஜஸ்டினுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வந்ததும் அதற்கு முடிவு கட்டினார். ஒரு ஆளுக்கு ஒரு அறிவிப்பு, ஒரே தடவை. கதவையும் கண்ணாடி ஜன்னலையும் சாத்திக்கொண்டு சுத்தமாகச் சொல்வார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, சிவகிரியிலிருந்து வந்த சொக்கம்மாள் ஈரச் சேலையோடு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, எம் மக அபியக் காணல. சின்னப்பிள்ள, ஆறு வயசுப் பிள்ள. மஞ்சச் சட்டை, மஞ்சக் கலர்ல சட்டை போட்டிருக்கா. தண்ணி வேற கூடிக்கிட்டே வருது அண்ணாச்சி!"

"ஒரு தடவை சொன்னா போதும்மா," என்றவர் மைக்கைப் போட்டார். "அபி, ஆறு வயது, மஞ்சள் சட்டை. மைக் அறைக்கு அழைத்து வரவும்."

ஒன்பது சொல். கழிக்க ஒன்றுமில்லை. அவருக்கே திருப்தியாக இருந்தது.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க அண்ணாச்சி."

"அதான் சொல்லியாச்சே! கேட்டவங்க கூட்டிட்டு வருவாங்க."

"கேட்டாத்தானே வருவாங்க? வெளிய வந்து நின்னு பாருங்க!" என்று சொக்கம்மாள் கதவை இழுத்துத் திறந்தாள்.

அருவியின் இரைச்சல் அறைக்குள் புகுந்தது. இரண்டடி தள்ளி நின்று அவள் கத்தியதே பாதிதான் கேட்டது. இந்தச் சத்தத்தில் தன் ஒன்பது சொல் எங்கே போயிருக்கும் என்று நினைத்ததும் ஜஸ்டின் மறுபடி மைக்கைப் போட்டார்.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். "ஏட்டி அபி! அபி! சிவகிரி அபி! அம்மா கூப்பிடுதேன்ட்டி, ஒங்கம்மா சொக்கம்மா கூப்பிடுதேன்! மஞ்சச் சட்டைப் பிள்ளய்யா, அபின்னு பேரு, ஆறு வயசு, மஞ்சச் சட்டை! பாத்தவங்க மைக் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்கய்யா. அபி! ஏட்டி அபி!" சொன்னதையே சொல்லி, நடுவில் அழுது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஜஸ்டின் சும்மா நிற்கவில்லை. மைக்கின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "இன்னொருக்கா சொல்லும்மா, நிறுத்தாத," என்றார்.

கொஞ்ச நேரத்தில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற யாக்கூப் அபியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "எங்கிட்டதான் அண்ணாச்சி இருந்துச்சு. பேரு கேட்டா அழுகைதான். முதல்ல மைக்குல ஏதோ பேசுன மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் வெளங்கல. இப்ப ஒருக்கா 'அபி'ன்னு விழுந்துச்சு, ஒருக்கா 'மஞ்ச'ன்னு விழுந்துச்சு. ஓடிவந்துட்டேன்."

"எங்கட்டி போன? எங்க போன நீ?" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சொக்கம்மாள் மகளை இறுக்கிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் ஜஸ்டினின் போன் அடித்தது.

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சு," என்றார். அவர் வாய் வழக்கமாகச் சொல்கிற பொய் அது. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் மேஜையில் இருந்தது.

"சாப்பாடு சாப்ட்டாச்சான்னு கேட்டேன்."

ஜஸ்டின் தூக்கைப் பார்த்தார்.

"இல்லட்டி. இன்னும் சாப்பிடல," என்றார். "இன்னும் சாப்பிடல, சுகிர்தம்."