மண்டபத்தில் நின்ற சத்தம்

காலை 6.10, மதுரை. கிளம்பும்போதே மீட்டரைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டேன்: 71,342 கிலோமீட்டர். எனக்கு இது பழக்கம். ஆட்டோவில் ஏறினால் எந்தச் சந்தில் திரும்புகிறான் என்று பார்ப்பேன், பெட்ரோல் போட்டால் இறங்கி நின்று பூஜ்யத்தைப் பார்ப்பேன். இராமேசுவரம் போகிற வழியில் என்னென்ன பார்க்கலாம் என்று இதைப் படிக்கிறவர்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். தங்கச்சிமடம் வரைக்குமான நூற்றறுபத்தைந்து கிலோமீட்டரில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம், காது கொடுத்ததுதான் அதிகம்.

கார் எங்கள் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் அது என் மனைவி மல்லிகாவின் அண்ணன் முருகேசனுடையது. அவர் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். ஏழு வருடம் வைத்திருந்த வெள்ளைக் காரை எங்களுக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்குக் கொடுத்தார். வெளியே விற்றால் மூன்றுக்குக் குறையாது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. குறைத்துக் கொடுக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது. உப்புக் காற்றில் நின்ற வண்டி, அடியில் எதை எது அரித்து வைத்திருக்கிறதோ.

போதாக்குறைக்குச் சாவியைக் கொடுக்கும்போது முருகேசனின் மனைவி பானுமதி, மனசே இல்லாமல்தான் கொடுக்கிறோம், ராசியான வண்டி என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு என்னோடு மதுரை வரைக்கும் வந்தது. மறுநாளே அறுபது ரூபாய்க்குக் கண்திருஷ்டிக் கயிறு ஒன்று வாங்கினேன். கறுப்புக் கயிறு, மூன்று சோழி, கீழே ஒரு படிகாரக் கட்டி. எல்லோரும் அதை வண்டிக்கு முன்னால் தெரியும்படிக் கட்டுவார்கள். நான் அப்படிக் கட்டினால், எங்க அண்ணன் வீட்டுக் கண்ணுக்கா என்று மல்லிகா கேட்டுவிடுவாள். அதனால் அவள் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகிற கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன்.

நாங்கள் கிளம்பிய நாளுக்கு மறுநாள் காலை முருகேசனின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தை முறைக்கு மல்லிகாதான் முதல் தட்டு எடுக்க வேண்டும். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. மாமியார் இறந்தபின் நகையைப் பிரித்தபோது, எதற்கும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடலாமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான். அண்ணனும் தங்கையும் ஐந்து வருடம் பேசவில்லை. இந்தக் காரை வைத்துத்தான் போக்குவரத்து மறுபடி ஆரம்பித்தது. கிளம்பும்போது, தாம்பூலத் தட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கியபடி மல்லிகா சொன்னாள்: "அங்க போயி எதையாவது நோண்டுனீங்கன்னா, எனக்குன்னு போறதுக்கு ஒரு வாசல் கிடையாது. பாத்துக்கங்க."

7.35, பரமக்குடி. டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து. அதுவரை சன்னலைத் திறந்துவிட்டே வந்திருந்தோம். ஏசி பெட்ரோல் குடிக்கும் என்பதால் இந்த இரண்டு மாதத்தில் அதை நான் போட்டதே அபூர்வம். ஆனால் மே மாதத்து வெயில் எட்டு மணிக்கே முகத்தில் அடிக்க, மல்லிகை வாடுகிறது என்று மல்லிகா சொல்ல, பொத்தானை அழுத்தினேன். முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அது கம்ப்ரசர் பிடிக்கிற சத்தம், அது வரும். அதன் பின்னாலேயே 'கடகடகட' என்று வந்ததுதான் வரக்கூடாத சத்தம்.

அணைத்தேன், நின்றது. போட்டேன், வந்தது. சத்திரக்குடி தாண்டுவதற்குள் பதினோரு முறை இதைச் செய்துவிட்டேன். ரோட்டுச் சத்தமாக இருக்கும் என்றாள் மல்லிகா. ஏசியை அணைத்தால் ரோடு எப்படி வாயை மூடும் என்று கேட்டேன். ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் போனில் வீடியோ ஒன்று பார்த்தேன். ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்தால் கம்ப்ரசருக்குக் காலம் முடிந்தது என்று அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று லட்சத்தில் இரண்டு எழுபது போனால் முப்பதாயிரம் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். மச்சான் விலையைக் குறைத்ததன் அர்த்தம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், கோபத்தோடு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்கிற சந்தோஷம்.

9.15, இராமநாதபுரம். ஊருக்கு வெளியே சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். மெக்கானிக் ஏசியைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், தலையை ஆட்டினார். கடற்கரைப் பக்கத்து வண்டியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கம்ப்ரசர் போச்சு, இருபத்துநாலாயிரம் ஆகும், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். விட்டுவிட்டுப் போனால் நல்ல டயரில் எத்தனை மிஞ்சும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் பானெட்டைத் தூக்கப் போனார். மல்லிகா பக்கத்திலேயே நின்றாள். கயிறு ஞாபகம் வந்தது. வேண்டாம், சத்தத்தைக் கேட்டால் போதாதா என்று நானே தடுத்துவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் இது முதலிடம் பெறும்.

மல்லிகா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போன இடைவெளியில் முருகேசனுக்குப் போன் செய்தேன். தெரிந்தே தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். தங்கச்சி புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லையா என்றேன். இன்னும் ஒன்றிரண்டு சொன்னேன், அவற்றை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பக்கம் பந்தல் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "வண்டியோட இங்கன வாங்க மாப்ள. பிடிக்கலைன்னா நானே வச்சுக்கிறேன். வர்ற வழியில மண்டபத்துல சிக்கந்தர் பாய்கிட்ட ஒரு தடவ காட்டுங்க. மல்லிகா காதுல மட்டும் போட்டுறாதிய, நாளைக்கு அவ தட்டெடுக்கணும்" என்றார்.

சிக்கந்தர் பாய். மச்சானுக்கு வேண்டிய ஆள். அவர் சொல்லிக்கொடுத்ததை இவர் சொல்வார். சரி, போய்த்தான் பார்ப்போம், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் முப்பத்தேழு கிலோமீட்டர். ஏசி இல்லாமல் போனோம். உச்சிப்புளி தாண்டியதும் பனைமரங்களுக்கு நடுவில் மணல் வெளுத்துக் கிடந்தது, கூடவே ரயில் பாதை ஓடியது, எங்கோ காயப்போட்ட கருவாட்டு வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மல்லிகாவின் பட்டுப் புடவை முதுகில் ஒட்டியிருந்தது. கடையிலிருந்து வந்தபோது நான் போனைப் பாக்கெட்டில் போட்டதை அவள் பார்த்துவிட்டாள். யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன். ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

10.40, மண்டபம். பாயின் பட்டறை ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கூரையும்தான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பதினான்கு வருடம் சவுதியில், தம்மாமில் கார் ஏசி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவராம். மல்லிகாவைப் பார்த்ததும், முருகேசன் அண்ணன் தங்கச்சியா, வாங்கம்மா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பார்த்தீர்களா, முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். நான் போனில் வீடியோவை ஓடவிட்டு அவர் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பிடிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

பானெட்டை அவர் தூக்கியபோது என்னால் தடுக்க முடியவில்லை. கம்பியைப் பார்த்தேன். முடிச்சு மட்டும்தான் தெரிந்தது, கயிறு கண்ணில் படவில்லை. அறுந்து விழுந்திருக்கும், நல்லதாகப் போயிற்று என்று மூச்சு விட்டேன். பாய் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசரின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு குனிந்து ஒரு ஒயரைக் கழற்றி என் கேமராவுக்கு நேராகக் காட்டினார்.

"இது கம்ப்ரசருக்குப் போற ஒயரு. இப்ப அது சுத்தாது. போயி ஏசியப் போடுங்க."

போட்டேன். 'டக்' சத்தம் வரவில்லை. 'கடகடகட' மட்டும் வந்தது.

"கம்ப்ரசர் சும்மா நிக்கிது, சத்தம் வருது. அப்ப சத்தம் யாருது?" என்றார் பாய். ஏசி போட்டால் கம்ப்ரசரோடு சேர்ந்து ரேடியேட்டர் விசிறியும் சுற்றும் என்பதை அப்புறம்தான் விளக்கினார். வண்டியை அணைத்துவிட்டு டார்ச் அடித்து, விசிறிக் கூட்டுக்குள் இரண்டு விரலை விட்டார். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கறுப்புக் கயிறு நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. படிகாரம் காணவில்லை. சோழிகளில் ஒன்று பாதியாக உடைந்திருந்தது, மற்ற இரண்டும் விசிறி இலையில் அடிபட்டு மூக்கு தேய்ந்திருந்தன. முடிச்சு இளகி இறங்கியிருக்கிறது, இதை உள்ளே கட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாய் சிரித்தார்.

மல்லிகா எழுந்து வந்து கயிற்றைக் கையில் வாங்கினாள்.

"இது எப்பக் கட்டுனது?"

"வண்டி வந்த மறுநாள்."

"யாரு கண்ணுக்கு?"

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்து நிறுத்தினேன். பாய் நிலைமை புரியாமல் ஒயரை மாட்டியபடியே பேசிக்கொண்டிருந்தார். "கம்ப்ரசர் புதுசும்மா. பங்குனியில நான்தான் மாட்டுனேன். பழசு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போற வண்டி, வழியில நிக்கக்கூடாதுண்டு அண்ணே மாத்தச் சொல்லிருச்சு. சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிரும், அவங்ககிட்டச் சொல்லாதீகன்னுச்சு. நான் வாய விட்டுட்டேன்."

கூலி எவ்வளவு என்று கேட்டேன். கயிறு எடுத்ததற்கெல்லாம் கூலி உண்டா என்றார். மல்லிகா கயிற்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். ஏசி சத்தமில்லாமல் ஓடியது. பாம்பன் பாலத்தில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கடல் அப்படி ஒரு நீலம். பக்கத்தில் புது ரயில் பாலம் நின்றது. நாங்கள் நிறுத்தவில்லை. இராமநாதபுரத்தில் நான் யாருக்குப் போன் செய்தேன் என்பது அவளுக்கு இப்போது தெரிந்திருக்கும். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதை அவள் அண்ணன் முன்னால் எப்போது திறப்பாள் என்பதுதான் எனக்குக் கவலை. திறந்தால் தப்பும் இல்லை.

12.05, தங்கச்சிமடம். பந்தலிலிருந்து முருகேசன் ஓடி வந்தார். தங்கையை உள்ளே அனுப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டிய இங்கனயே விட்டுட்டுப் போங்க மாப்ள. திரும்புறதுக்கு என் வேன எடுத்துக்கங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் அவர் முகத்தில் இருந்தது அந்தக் கவலைதான். "தப்பு எம்மேலதான் மச்சான். கம்ப்ரசர் நல்லாருக்கு. நான் பேசுனதெல்லாம் மறந்துருங்க" என்றேன். அப்படியென்றால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பிட வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மல்லிகா முதல் தட்டை எடுத்தாள். நான் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எதையும் எண்ணவில்லை.

பிற்பகல் 3.20, புறப்பாடு. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பானுமதி உள்ளேயிருந்து ஒரு கையில் உப்பும் மிளகாயும், மறு கையில் நான்கு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்தாள். "வழியெல்லாம் வண்டி சத்தம் குடுத்துச்சாமேண்ணே. ஊர்க் கண்ணு பட்டுருக்கு, வேற என்ன. சேந்து நில்லுங்க ரெண்டு பேரும்" என்றாள். எங்களை நிற்க வைத்து மூன்று முறை சுற்றினாள், காரையும் சுற்றி வந்தாள், எங்களைத் துப்பச் சொன்னாள். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஒரு பெருமூச்சு விட்டாள். அதே பெருமூச்சு. அவள் மூச்சே அப்படித்தான்.

அப்போது மல்லிகா கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்து, தேய்ந்த சோழி இரண்டோடு இருந்த கயிற்றைப் பானுமதியிடம் நீட்டினாள்.

"மதினி, இத உங்க கையால கட்டி விடுங்க. முன்னாடி, தெரியிற மாதிரி."

பானுமதி ஒன்றும் கேட்காமல் வாங்கி, காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கிரில்லில் இரண்டு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவதாக இன்னொன்றும் போட்டாள். மல்லிகா என்னைப் பார்க்கவே இல்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டியை எடுத்தேன். மதுரை வரைக்கும் ஏசி ஓடியது, ஒரு சத்தமும் இல்லை. வழக்கம்போல வீட்டு வாசலில் மீட்டரைக் குறிக்கத் தாளைத் தேடினேன். மல்லிகா இறங்கிப் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன், எழுதத் தோன்றவில்லை.