இன்னொரு பத்து

பிசியோதெரபி வேலையில பாதி, பத்து வரைக்கும் எண்ணுறது. மீதி, திட்டு வாங்குறது. வீடு வீடாப் போய் நோயாளியை நடக்க வைக்கிறவங்க இதைப் படிச்சா தலையாட்டுவாங்க.

கதவுக்குப் பின்னால

செல்வி மரக்காணம் உப்பளத்துல உப்பு வார்றவங்க. ரத்தத்துல கிருமி கலந்து, இருபது நாள் வென்டிலேட்டர்ல கிடந்து பிழைச்சாங்க. முடி கொட்டி, தொண்டையில துளை போட்டதால குரல் மாறி, கால் ரெண்டும் குச்சியா வீடு வந்தாங்க. ஏழு வயசு மகள் யாழினி கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா, கிட்டவே வரல. அவளைத் தூக்கணும்னுதான் செல்விக்கு நடக்கிற ஆசையே. "அம்மா கூப்பிடுறாங்க பாரு, போடி"ன்னேன்.

"அது எங்கம்மா இல்ல மேடம். எங்கம்மா மாதிரி வேற ஆளை அனுப்பிட்டாங்க."

காலி நாற்காலி

நாற்காலியிலேர்ந்து பத்து தடவை எழுந்து உட்காரணும். நான் பத்துன்னு நிறுத்தினா, செல்வி பக்கத்துல இருக்கிற காலி நாற்காலியைப் பார்த்து, உதட்டுக்குள்ள மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவாங்க. ஐ.சி.யூ.வுல கிடந்தவங்களுக்கு மனசு குழம்புறது சகஜம்தான். ஆனா அந்த நாற்காலியை தினமும் யாரு போடுறதுன்னு செல்வியோட வீட்டுக்காரரைக் கேட்டா, "நான் போடல மேடம்"ங்கிறார். கடுப்புல செல்வியையே கேட்டேன்.

"பக்கத்து பெட் அக்காவுக்கு மேடம். அவங்க பிழைக்கல. என் கையை விடாம கூடவே வந்துட்டாங்க."

பாத்தியில

வாக்கரைப் பிடிச்சு ரெண்டு அடி வைக்கிறதுக்குள்ள செல்விக்கு முட்டி மடங்கிடும். "முன்னாடி பார்த்து வைங்க, முன்னாடி!"ன்னு வாரக்கணக்கா கத்தினேன். ஒருநாள் வீட்டுக்காரர் மெதுவா, "உப்பு வார்றவ பின்னாடியேதான் நடந்து பழகினவ மேடம்"னார். அடச்சே, எனக்கு இது தோணலயே!

மறுநாள் காலையில உப்புப் பாத்திக்கே கூட்டிட்டுப் போனோம். யாழினி தள்ளியே வந்து வரப்புல நின்னுக்கிட்டா. உப்பு வார்ற நீளக் கம்புப் பலகையைக் கையில கொடுத்தோம். வீட்டுக்காரர் தாங்கிப் பிடிக்கத் தயாரா நின்னார். கண்ணு கூசுற வெள்ளை, எங்களைத் தவிர ஒரு ஆள் இல்ல. பலகையை இழுத்துக்கிட்டே செல்வி ஒவ்வொரு அடியா பின்னாடி வெச்சாங்க. பத்துன்னேன். நின்னாங்க. உதடு அசையல.

வரப்புலேர்ந்து "அம்மா!"ன்னு ஓடிவந்த யாழினி செல்வியோட இடுப்பைக் கட்டிக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா அவ முகம் தூரத்து உப்புக் குவியல் பக்கம் இருந்துச்சு. கையை வேற ஆட்டினா. யாருக்குடின்னேன்.

"அம்மாகூட வந்தாங்களே, அவங்களுக்கு. உப்பு காலை எரிக்குதாம், போறாங்க."

இப்பல்லாம் எந்த வீட்லயும் பத்துன்னு முடிச்சிட்டு, இன்னொரு குரல் எண்ணுதான்னு கொஞ்ச நேரம் காது கொடுத்துட்டுத்தான் பையைத் தூக்குறேன். நாலரை வருஷப் படிப்புல இதை ஒருத்தரும் சொல்லித் தரல.