சைக்கிள் டியூப் கட்டிய கை

காலை ஆறேகாலுக்குத் தென்காசியில் எங்கள் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. குற்றால சீசனுக்கு என் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினான். போலீஸ் ஏட்டு. மறுநாள் வருவதாகத்தான் எழுதியிருந்தான்.

அந்நேரம் நான் கொல்லையில் விறகுக் கொட்டகைக்குள், என் மகனின் வலது புஜத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன். ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டு சின்ன எடையைத் தூக்கினாலே சதை பருக்கும் என்று, அருவிக்குக் குளிக்க வந்த பயில்வான் ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தார். அரை இறுக்கம் போதும், தூக்கி முடித்ததும் அவிழ்த்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்த வருடம் அவன் போலீஸ் வேலைக்குப் போட்டிருந்தான். கயிறு ஏறிக் காட்ட வேண்டும். மற்ற நாட்களில் அளவாகத்தான் கட்டினேன். அன்று எண்ணெய் தேய்த்திருந்தான். டியூப் வழுக்கியது. இன்னும் இரண்டு சுற்றுப் போட்டு இழுத்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டு மகனை அப்படியே விட்டு வந்தேன். அதற்குள் தம்பி அடுப்படிவரை வந்துவிட்டான். "எங்கக்கா மருமவன்? கை தேறிட்டா, இன்னும் முருங்கைக்காதானா?"

போன வருடம் இதே கேலிக்கு என் மகன் பாதிச் சோற்றில் எழுந்து போனான். "இலஞ்சிக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

அடுப்படிக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு ஓலைத்தட்டிதான். மகனுக்குக் கேட்டிருக்கிறது. அம்மா பொய்க்காரி ஆகிவிடக் கூடாதென்று வெளியே வரவில்லை. நான் காபி போட்டேன். இட்லி அவித்தேன். அருவியில் தண்ணீர் எப்படி என்று தம்பி மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் உடல்நலப் பாடம் நடத்துகிறவள் நான். கட்டிவிட்டு வந்த கையை மறந்தே போனேன்.

விறகெடுக்கப் போனபோது சுவரில் சாய்ந்து கிடந்தான். கை நாவல்பழ நிறத்தில் இருந்தது. எண்ணெயில் இறுகிய முடிச்சோடு போராடி இடதுகை நகம் பிய்ந்திருந்தது.

"யம்மா, விரலு எங்க இருக்குன்னே தெரியல."

என் அலறல் கேட்டு ஓடிவந்த தம்பி சவரக்கத்தியால் டியூபை அறுத்தான். "மடக்குலே, விரல மடக்குலே" என்று கெஞ்சினான். மடங்கவில்லை. டாக்டரைத் தேடி ஓடினான்.

டாக்டர் அருவியிலிருந்து ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார். நகத்தை அழுத்தி விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். "ரத்தம் ஓடுது. கை தப்பிச்சுட்டு. ஆனா நரம்பு நசுங்கியிருக்கு. பிடிமானம் வர மாசக்கணக்காகும். இந்த வருசம் கயிறு ஏற முடியாது."

பிறகு கேட்டார்: "கட்டுனது யாரு?"

நான் வாய் திறக்குமுன் என் மகன், "நாந்தான் சார்" என்றான்.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. "ஒத்தக் கையால இப்படி முடிச்சு விழாதும்மா" என்றார் என்னிடம்.