கன்னம் காணாமல் போன முகம்

அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸுக்கு எவரைப் பார்த்தாலும் கண் தாடைக்குத்தான் போகும். மூச்சுத் திணறுகிறவருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதைத் தாடையும் கழுத்தும்தான் முதலில் சொல்லும். வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அந்தப் புத்தி விடாது.

"என்ன அண்ணி, வெச்ச கண் வாங்காம பாக்கறீங்க?" என்பாள் நாத்தனார்.

"உன் தாடை ரொம்பச் சின்னது. நீ மயங்கி விழுந்தா, குழாய் போடறவங்க பாடு திண்டாட்டம்."

"சோறு தின்னும்போது பேசற பேச்சா இது!"

ஒரு காலை, வயதான தையல்காரம்மா ஒருவரை அவருடைய மகள் கூட்டிவந்தாள். அளவு கூடினால் மூச்சை மந்தமாக்கும் வலி மாத்திரையை மறதியில் மீண்டும் விழுங்கிவிட்டிருந்தார். மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. நர்ஸ் வழக்கம்போல் முதல் வேலையாகப் பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். நாக்கு பின்னால் சரியாமலிருக்க, வளைந்த பிளாஸ்டிக் குழலை வாயில் வைத்தாள். அம்மா ஓங்கரித்தார். தொண்டைக்கு இன்னும் உணர்வு இருக்கிறது, வாய்வழி ஆகாது. அதை எடுத்துவிட்டு, மூக்கு வழியே மெத்தென்ற குழலைச் செலுத்தினாள். அதை அவர் பொறுத்துக்கொண்டார்.

மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை அழுத்திப் பிடித்து, அதோடு இணைந்த காற்றுப் பையைப் பிசைந்தாள். காற்று புஸ்ஸென்று ஓரமாகவே போயிற்று. பெரிய முகமூடியை மாற்றினாள். அதுவும் புஸ். நெஞ்சு எழும்பவே இல்லை. பிராணவாயு அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

"இன்னும் இறங்கினா தொண்டைக்குள்ள குழாய் போட்டுடணும்," என்றார் டாக்டர். "இந்த வயசுல மெஷின்ல மாட்டினா எப்போ எடுப்போமோ. எங்கதான் லீக் ஆகுது?"

அதுதான் நர்ஸுக்கும் பிடிபடவில்லை. முகமூடியில் ஓட்டையில்லை, கையிலும் பிசகில்லை.

வாசலிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, எங்கம்மா மாதிரியே இல்லையே! கன்னமே காணோம்!"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். முகமூடி உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளங்கள்.

"டாக்டர், பல்லைத் திரும்ப வெச்சுப் பாக்கட்டுமா? கழட்டினது நான்தான்."

"ஆடாம நிக்குமா?"

"கழட்டும்போது கெட்டியா இருந்துச்சு."

"வைங்க, வைங்க. குழாய் போடறதா இருந்தா அப்போ எடுத்துக்கலாம்."

பல் ஏறியதும் கன்னம் நிமிர்ந்தது. முகமூடி ஒட்டிக்கொண்டது. பையைப் பிசைந்தாள். நெஞ்சு மெல்ல எழும்பித் தாழ்ந்தது. எண்கள் ஏறத் தொடங்கின. மாத்திரையின் வேகத்தை முறிக்கும் மருந்தை டாக்டர் ஊசி வழியே ஏற்றினார்.

"மூச்சு வருதா சிஸ்டர்?" என்றாள் மகள்.

"இப்போ நான் விடறேன்," என்றாள் நர்ஸ், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்ச நேரத்துல அவங்களே விடுவாங்க."